கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அழைப்பு

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், சிம் மாற்றியது. இந்திய எண்ணில் ரோமிங் போட்டால் ஒரு நாளுக்குப் பிடுங்கும் காசில், இங்கே வாரம் முழுவதும் பேசலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான சிம் இலங்கைக் காசில் இரண்டாயிரம். எனக்கு ஏக மகிழ்ச்சி. கஞ்சத்தனம் எங்கள் குடும்பச் சொத்து.

மறுநாள், செவ்வாய்க்கிழமை. திருச்சியில் அம்மாவுக்குப் பத்து மணிக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. "உன் குரலைக் கேட்டுட்டுத்தான் உள்ள போவேன்" என்று சொல்லியிருந்தாள். கொட்டாஞ்சேனை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றவும் சொன்னாள், அதனால் எட்டு மணிக்கே கொழும்பின் மறுகோடியான வெள்ளவத்தையிலிருந்து கிளம்பினேன். தங்கியிருந்த வீட்டு அக்கா தடுத்தார்.

"வீட்டில வைஃபை இருக்குத்தானே, இருந்து கதைச்சிட்டுப் போங்கோவன்."

"போற வழியில பேசிக்கிறேன் அக்கா" என்று ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ஒன்பதே கால். கொட்டாஞ்சேனையில் இறங்கி, மருத்துவமனையில் அம்மாவுடன் இருந்த தம்பி செந்திலுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். போகவில்லை. புது எண்ணைச் சொல்லி இரவே அனுப்பிய செய்தியும் ஒற்றை டிக்கோடு நின்றது. அந்த வார்டில் இன்டர்நெட் எடுக்காது போல. நேரடியாக அழைத்தேன். மணி அடித்தது, கட் செய்தான். மறுபடியும் கட். மூன்றாவது முறை மணியே அடிக்கவில்லை. பாவி, பிளாக் செய்துவிட்டான்! வெளிநாட்டு எண் வந்தாலே மோசடிக்காரன் என்று வெட்டிவிடுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. இந்திய சிம்மோ வெள்ளவத்தை அறையில், பெட்டிக்குள்.

எதிரே இருந்த 'கொமினிகேஷன்' கடைக்குள் நுழைந்தேன். போன் ரீலோட், அதாவது நம்மூர் ரீசார்ஜ், செய்யும் சின்னக் கடை. உள்ளே இருந்தவர் பெயர் செல்வி, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

"திருச்சியா? எங்க மாமா மகன் அங்கதான் இருக்காரு அக்கா. அந்தக் காலத்துல எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரை இந்தியாவுக்கு ஏத்தி விட்டாங்கல்ல, அப்பப் போன குடும்பம். இருங்க, இந்தியா நம்பர்ல இருந்து கோல் பண்ணினா உங்க தம்பி எடுப்பாருதானே?"

செல்வி தன் போனிலேயே அவரை அழைத்தார். மாமா மகன், முகம் தெரியாத அந்த மகராசன், செந்திலை அழைத்து கான்ஃபரன்ஸில் சேர்த்தார். பத்தாக இன்னும் பத்து நிமிடம்.

"செந்தில், நான் அக்கா பேசறேன்டா. ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மாகிட்ட குடு."

"யார்யா நீங்க? அம்மா ஆஸ்பத்திரில இருக்கறது எப்படித் தெரியும்? இப்பல்லாம் ஏஐ-ல குரலையே செஞ்சுடறானுங்க. போலீஸ்ல சொல்லுவேன்!"

எனக்கு வந்ததே கோபம். கடை, தெரு, அந்தோனியார் எல்லாம் மறந்துபோயிற்று.

"டேய் எருமை! தடிமாடு! உன்னைப் பெத்ததுக்கு அம்மா இன்னும் என்னென்ன அனுபவிக்கணுமோ! போனை அவகிட்ட குடுடா!"

எதிர்முனையில் உடனே, "அம்மா, அக்காதான்" என்றான்.

ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் சன்னமாக வந்தது. "வந்துட்டியாடி? சரி, கேட்டாச்சு. ஃபாரின் கால், காசு ஓடும். வெச்சிடு."

வைத்தேவிட்டாள். "பயப்படாதேம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். செல்வி ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "இருங்க அக்கா, தண்ணி குடிங்க" என்றார். காசு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

வெளிநாடு போகிறவர்கள் தாராளமாக உள்ளூர் சிம் வாங்குங்கள், அதுதான் மலிவு. ஆனால் புது எண்ணை வீட்டார் பார்த்துவிட்டார்கள் என்பதை உறுதி செய்யாமல் விமான நிலையத்தைவிட்டு நகராதீர்கள்.

மாலை ஐந்து மணிக்கு, பொரளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது என் போனிலிருந்து செந்திலை மறுபடி அழைத்தேன். பிளாக்கை நீக்கியிருந்தான்; இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தான்.

"நல்லபடியா முடிஞ்சுதுக்கா. கண்ணு முழிச்சுட்டு மறுபடி தூங்கறாங்க. எழுப்பட்டுமா?"

"வேணாம்டா. போனை அவ மூக்குகிட்ட வை."

வைத்தான். பஸ் இரைச்சலுக்கு ஒரு காதை அடைத்துக்கொண்டு, அம்மா மூச்சு விடுவதைக் கேட்டபடி நின்றேன். காசு ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும்.