கயிறு பிடிக்கிற உறவு

நான் இருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பினால் பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை, பேரப்பிள்ளை எடுத்த மனிதர்கள்கூட இடுப்பில் வார் கட்டிக்கொண்டு ஆற்றோரப் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஜெர்மனிக்கு வந்து நான்கைந்து வருடமாகியும் இந்த ஓய்வு நாளின் சட்டதிட்டம் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஓடுவது டான்யூப் நதி, இங்கே தோனாவ் என்கிறார்கள். இந்த இடத்தில் அது இன்னும் சின்னப் பிள்ளை. திருமானூரில் நின்று கொள்ளிடத்தைப் பார்த்தவன் இதை ஆறு என்று சொல்லச் சற்று யோசிப்பான். இரு கரையிலும் சுண்ணாம்புப் பாறை வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கிறது. அரியலூரில் இதே சுண்ணாம்புக் கல்லை வெடி வைத்துப் பெயர்த்து, லாரியில் ஏற்றி, சிமெண்டாக்கிவிடுவார்கள். இங்கே பறவை கூடு கட்டும் மாதங்களில் இந்தப் பக்கம் ஏறாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

என்னை அங்கே கூட்டிப்போனவர் யோஹன். தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் நிற்கிறவர். நாங்கள் இருவரும் ஆபரேஷனுக்கான கத்தரிக்கோல்களைச் சாணை பிடிக்கிறோம். காலையில் ஒரு 'மோர்கன்', மாலையில் ஒரு 'ச்சூஸ்', அதற்கு நடுவில் எங்களுக்குள் பேச்சு குறைவு. கூடவே தரம் பார்க்கும் பிரிவிலிருந்து பிர்கிட் என்ற பெண்மணியும் வந்திருந்தார். பாறையின் உச்சியில் ஒரு வளையம். கயிறு அதன் வழியாக மேலே போய்த் திரும்பிக் கீழே வருகிறது. ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில், மறுமுனை கீழே நிற்கிறவர் கையில். ஏறுகிறவர் கை நழுவினாலும் கீழே இருப்பவர் பிடித்துக்கொள்வார். யோஹன் இதை விளக்க ஆரம்பித்தபோது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எங்கே ஏறியிருக்கிறாய் என்று கேட்டார். ஏறியதில்லை, இறக்கியிருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

எங்கள் குடும்பம் செந்துறைப் பக்கம் கிணறு வெட்டுகிற குடும்பம். வெட்டிய கிணறுகளில் எங்களுடையது ஒன்றுமில்லை. என் அக்காள் செல்வியைப் பெரம்பலூருக்கு மேற்கே, அதே தொழில் செய்கிற வீட்டில் கொடுத்தோம். அந்தப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் கிணற்றை நம்பித்தான் இருக்கின்றன. எழுபதடி எண்பதடி, பாதிக்குமேல் பாறை. மழை பெய்து பக்கச் சுவரில் கல் பெயர்ந்து தொங்கினால் என் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள், அதாவது அக்காள் கணவரை. இடுப்பில் வடம் கட்டிக்கொண்டு இறங்கி, அந்தரத்தில் நின்றபடி கடப்பாரையால் கல்லை நெம்பித் தள்ளுவார். மேலே மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வடத்தைப் பிடித்திருப்பது மச்சினனாகத்தான் இருக்க வேண்டும். இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அவர்களுக்குள் பங்கு பாகம் என்று ஆயிரம் இருக்கும். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் விடமாட்டான். விட்டால் அறுவது அவன் கூடப் பிறந்தவள் தாலி. மச்சினனுக்கு மாமனைப் பிடிக்காமல் இருக்கலாம், பேச்சுவார்த்தைகூட இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் பிடிப்பான். பதினேழு வயதிலிருந்து மாமாவின் வடத்தை நான்தான் பிடித்தேன். டிப்ளமோ படித்தபோதும் லீவு நாளில் பிடித்தேன். இங்கே வந்த பிறகும் வருடா வருடம் சித்திரையில் ஊருக்குப் போவேன். ஆபத்தான கிணறுகளை அந்த மூன்று வாரத்துக்கென்று மாமா ஒதுக்கி வைத்திருப்பார். ஊரில் எனக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு உண்டு.

இந்த வருடம் சித்திரையில் லீவு கிடைக்கவில்லை. தொழிற்சாலையே மூடுகிற ஆகஸ்டில்தான் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். போன வாரம் அக்காள் போனில் சொன்னாள். ஒரு நிலத்துக்காரரின் கிணற்றில் பெரிய கல் ஒன்று பெயர்ந்து மோட்டாருக்கு நேர்மேலே தொங்குகிறதாம், வெங்காயம் வாடுகிறதாம், அவரால் ஆகஸ்டு வரை பொறுக்க முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை மாமா இறங்கப்போகிறார். "வடத்த யாருக்கா புடிக்கப்போறா?" என்றேன். "பாப்பம்" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அறையில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் யோஹன் கூப்பிட்டதும் கிளம்பினேன்.

ஏறுவதற்கு முன் இங்கே ஒரு சடங்கு உண்டு. பார்ட்னர்செக் என்கிறார்கள். ஒருவர் இடுப்பு முடிச்சை மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும். யோஹன் என் வாரைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அக்கா தங்கை இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

யோஹன் பிர்கிட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒரு தங்கை இருக்கிறாள். ஆனால் அவளுக்கு ஆள் இருக்கிறது" என்றார்.

அவர் தங்கையை நான் பெண் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். தட்டுத் தடுமாறி எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். இருவரும் அக்கறையாகத்தான் கேட்டார்கள். "அப்படியானால் கல்யாணம் ஆகாதவன் எப்படி இறங்குவான்?" என்று பிர்கிட் கேட்டார். நல்ல கேள்விதான், யாரும் எங்களைக் கேட்டதில்லை. யோஹன் தன் இடுப்பில் மாட்டியிருந்த உலோகக் கருவியைத் தட்டிக் காட்டினார். "நான் மயங்கி விழுந்தாலும் இது கயிற்றை இறுக்கிக்கொள்ளும். உனக்கு என்மேல் பிரியம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை." ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது துக்கமாக இருந்தது.

ஏறிவிட்டேன். கல் ஏறுவது எங்களுக்குப் பெரிய வித்தை இல்லை. இறங்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். உச்சியில் கையை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து வெறும் காற்றில் உட்கார வேண்டும், கீழே இருப்பவர் இறக்குவார். "உட்கார், உட்கார்" என்று யோஹன் கத்துகிறார். என் விரல் பாறையை விடவில்லை. மாமா இத்தனை வருடமும் என்னை நம்பி இப்படித்தான் உட்கார்ந்தாரா என்று அப்போது நினைத்தேன். கடைசியில் நானாகத் துணிந்து கையை விடவில்லை, தசை ஓய்ந்துபோய்க் கை தானாக விட்டது. கருவி பிடித்துக்கொண்டது.

பிறகு யோஹன் ஏறினார். கருவி என் இடுப்பில், கயிறு என் கையில். அவர் பாதி உயரம் போயிருக்கும்போது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட அக்காளைத் தவிர வேறு யாருமில்லை. பிடிக்கிற கையை எந்தக் காரணத்துக்கும் எடுக்கக் கூடாது. கருவி பார்த்துக்கொள்ளும் என்று அவரே சொன்னாலும் என்னால் முடியவில்லை. போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. அங்கே மாமா கிணற்றுக்குள் கிடக்கிறாரா, மேலே ஏறிவிட்டாரா என்ற செய்தி என் நெஞ்சுக்கு மேலேயே துடித்துக்கொண்டிருக்க, யாரோ ஒரு ஜெர்மன்காரருக்காக நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிதானமாக ஏறினார், உச்சியில் நின்று ஆற்றை ரசித்தார். அவர் கால் தரையைத் தொட்டதும் ஓரமாக ஓடிப்போய் அக்காளைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா ஆச்சு? மாமா எங்க?"

"இந்தா, கெணத்து மேட்டுல குந்திகிட்டு டீ குடிக்கிறாரு. ஏன் இப்படிப் பதர்ற?"

"எறங்கலயா?"

"எறங்கி, கல்லத் தள்ளிட்டு, ஏறியும் வந்துட்டாரு. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

"வடத்த யாரு புடிச்சா?"

"நாந்தான்."

"நீயா?"

"பின்ன? ஊருல எவன நம்பறது? மரத்துல ரெண்டு சுத்து சுத்திகிட்டு நின்னேன். பொம்பள கெணத்து மேட்டுல நிக்கக் கூடாதுன்னு நெலத்துக்காரரு சத்தம் போட்டாரு. தாலி எங்கழுத்துலதான இருக்கு, நீங்க செத்த தள்ளி நில்லுங்கன்னுட்டேன்."

மாமா போனை வாங்கினார். "மாப்ள, ஒன்ன விட ஒங்கக்கா நல்லாப் புடிக்கிறா. நீ வெடுக்கு வெடுக்குன்னு இழுப்ப. இவ நெதானம்." பக்கத்தில் அக்காள் சிரிப்பது கேட்டது. பிறகு அவள் குரல். "லீவு கெடைக்கலன்னு மனசப் போட்டு ஒழப்பிக்காத தம்பி. ஆகஸ்டுக்கு அலைஞ்சுகிட்டு வராத. இனிமே நாங்க பாத்துக்குறோம்."

வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த வார்த்தை ஒருநாள் வந்து சேரும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வீட்டுக் கூரை ஒழுகியபோது, தங்கைக்கு வளைகாப்பு வைத்தபோது என்று ஆளுக்கு ஒரு சமயம். நம் பாரத்தை இறக்கத்தான் சொல்கிறார்கள், பாரம் இறங்கவும் செய்கிறது. மாமா உயிரோடு இருக்கிறார், எனக்கு வேறென்ன வேண்டும்? சந்தோஷப்பட்டேன், பொய் இல்லை. ஆனால் அக்காள்மீது எனக்கு வந்தது பொறாமை. என்னால்தான் அவள் தாலி நிற்கிறது என்ற நினைப்பில் நான் இத்தனை நாள் இங்கே தனியாகச் சமைத்துத் தின்றிருக்கிறேன். அதை அவள் ஒரு காலைப்பொழுதில் வாங்கிக்கொண்டாள். யார்மீதும் குற்றமில்லை. மரத்தடியில் நான் நின்ற இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள், அவ்வளவுதான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். யோஹன் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பிர்கிட் முடிச்சுப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். கயிற்றின் மறுமுனை தரையில் கிடந்தது, நான் எடுத்துக் கருவியில் மாட்டினேன். அவர் பாறையைப் பார்த்தபடியே, "பிடித்தாயிற்றா?" என்று கேட்டார்.

பிடித்தாயிற்று என்றேன்.

அவர் ஏறினார். பாதியில் ஒருமுறை கால் வழுக்கி, என் இடுப்பு வார் வெடுக்கென்று இழுபட, அவர் தொங்கினார். அப்போதும் பிடித்திருப்பது யார் என்று கீழே பார்க்கவில்லை. அடுத்த பிடிக்குக் கையை நீட்டினார். நான் கயிற்றை உள்ளே வாங்கிக்கொண்டு நின்றேன்.