அல் கூஸிலிருந்து பர் துபாய்க்கு: ஏசிக்காகப் பார்த்த அமெரிக்க ஃபுட்பால் படம்

போன பதிவைப் படித்துவிட்டு நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். "அண்ணே, துபாய்ல வெள்ளிக்கிழமை லீவுக்கு எங்க போறது?" என்று. இப்போது மெட்ரோ ஓடுகிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான் சொல்லப்போவது மெட்ரோ வருவதற்கு முந்தின கதை. 2006-ஆம் வருசம், ஜூலை மாசம். வெயில் எப்படி என்றால், அல் கூஸில் எங்கள் லேபர் கேம்ப் குழாயில் பச்சைத்தண்ணீர் திறந்தால் டீ போடுகிற பதத்தில் வரும்.

நான் அப்போது ஷட்டரிங் கார்பெண்டர், கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற வேலை. படிப்பு அஞ்சாவது, அதிலும் பாதி நாள் லீவு. ரூமில் என் பக்கத்துக் கட்டில் கலியபெருமாள், மன்னார்குடிப் பக்கம். கம்பி கட்டுகிற வேலை. என்னை மாப்ள என்பான், நான் அவனை மச்சான் என்பேன். சொந்தமெல்லாம் கிடையாது, ஒரே அடுப்பில் சமைத்த பழக்கம்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சைட்டில் ஒரு கம்பிக்கட்டு சரிந்து அவன் வலது தோளில் விழுந்திருந்தது. என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிகிறது. ஃபோர்மேனுக்குத் தெரிந்தால் புதுப்பிக்க மாட்டான், விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிடுவான் என்ற பயம். இடது தோளில் கம்பி சுமந்தான். ரூமில் தைலம் தேய்ப்பது என் டியூட்டி. "உன் பொண்டாட்டி தேய்க்க வேண்டிய தோளு மச்சான், என் தலையெழுத்து" என்பேன். சிரிப்பான். ஆனால் சட்டை மாட்ட நான்தான் கையைப் பிடித்துவிட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பர் துபாயில் புதுத் தமிழ்ப்படம் பார்க்கலாம் என்று கிளம்பினோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. எங்கள் கேம்ப் வாசலில் கான் பாய் என்று ஒரு பாகிஸ்தான் பட்டாணி, பிக்கப் வண்டி வைத்திருப்பார். ஆளுக்கு ஐந்து திர்ஹாம். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அவர் ஓட்டுகிற ஓட்டுக்கு, ராட்டினம் ஏறின கணக்கிலேயே அந்த ஐந்து திர்ஹாமைத் தரலாம்.

பர் துபாய் மீனா பஜாரில் இறங்கி ஆளுக்கு ஒரு டீ, ஒரு சமோசா. தியேட்டருக்குப் போனால் தமிழ்ப்படம் ஹவுஸ்ஃபுல். வெளியே நின்றால் மண்டை வெடிக்கும். பக்கத்து ஸ்க்ரீனில் ஒரு இங்கிலீஷ் படம், டிக்கெட் இருபத்தைந்து திர்ஹாம். போஸ்டரில் ஒருத்தன் இரும்புக் கூண்டு வைத்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"என்னா மாப்ள, சேஃப்டி படமா?" என்றான் கலியபெருமாள்.

"எந்தப் படமா இருந்தா என்ன மச்சான், உள்ள ஏசி ஓடுது. வா."

அமெரிக்காக்காரன் ஃபுட்பால் பற்றிய படம் அது. காலால் உதைப்பதே இல்லை, முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கபடி ஆடுகிறவர்கள் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. தோள் இரண்டிலும் சிமெண்ட் மூட்டை வைத்தது போல் சட்டைக்குள் அட்டை. கீழே எழுத்து ஓடியது, அரபியும் இன்னொரு பாஷையும். இரண்டுமே நமக்கு மாஃபி, அரபிக்காரன் பாஷையில் 'கிடையாது'.

எங்கள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. டிவியில் இங்கிலீஷ் படம் ஓடினால் ஒருத்தன் கதை சொல்ல வேண்டும். பாஷை தெரிய வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும். அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். தியேட்டரிலும் மெதுவாக ஆரம்பித்தேன்.

கதாநாயகன் சட்டையில் பதினேழு என்று நம்பர். தலை நரைக்கத் தொடங்கிய ஆள். சம்பளத்துக்கு ஆடுகிறவன். ஒரு ஆட்டத்தில் நாலு பேர் மேலே விழுந்து தோள் போய்விடுகிறது. மறைக்கிறான். பாத்ரூமில் போய்ச் சட்டையைக் கழற்ற முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறான். எனக்குப் பக்கத்தில் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்து டாக்டர் ரூம். கோட்டுப் போட்ட டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்து என்னவோ சொல்கிறார்.

"டாக்டர் என்னங்கறாரு மாப்ள?"

"ஏம்ப்பா பதினேழு, இதோட ஆடுனா கை அவ்வளவுதான். பேசாம வீட்டுக்குப் போங்கறாரு."

"அவன்?"

"ஃபோர்மேன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், காண்ட்ராக்ட் போயிரும்னு கெஞ்சுறான்."

பின் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலியபெருமாள் சிரிக்கவில்லை. திரையில் டாக்டர் பெரிய ஊசியாக எடுத்துத் தோளிலேயே குத்தினார். அதற்கு எனக்குக் கதை வரவில்லை. "சத்து ஊசி" என்று சமாளித்தேன்.

கடைசி ஆட்டம். பதினேழு பந்தை வீசி ஜெயிக்க வைத்துவிட்டான். ஸ்டேடியமே எழுந்து கத்துகிறது. எல்லாரும் கையைத் தூக்கிக் குதிக்கிறார்கள். அவன் மட்டும் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"இப்ப என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல மச்சான்."

வெளியே வரும்போது பின் சீட்டுக்காரர் மனைவியோடு வந்தார். சட்டையை இன் பண்ணிய சென்னைக்காரர். கலியபெருமாள் அவரை மறித்தான்.

"சார், அந்த டாக்டர் நெஜமா என்ன சார் சொன்னாரு?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஃப்ரெண்ட் சொன்ன கதை இதைவிட நல்லாருந்துச்சு. டாக்டர், ஒண்ணும் ஆகாது, ஊசி போட்டா வலி தெரியாது, போய் ஆடுன்னாருங்க. டீம் சம்பளம் குடுக்குற டாக்டர் இல்லையா?"

"அப்ப வீட்டுக்குப் போன்னு அவனுக்கு யாருமே சொல்லலியா?"

"படத்துல யாரும் சொல்லலைங்க."

திரும்பும்போது அதே பிக்கப். பின்னால் ஏற ஒரு கையால் கம்பியைப் பிடித்து எம்ப வேண்டும். கலியபெருமாள் வலது கையை நீட்டினான், பாதியில் நின்றுவிட்டது. கான் பாய் இறங்கி வந்து, என்ன ஆச்சு பாய் என்று இந்தியில் கேட்டார். யார் கேட்டாலும் 'குச் நஹி', ஒன்றுமில்லை என்கிற கலியபெருமாள், அன்றைக்கு "ஹாத் கராப் ஹை" என்றான். கை கெட்டுப்போச்சு. மூன்று வாரத்தில் என்னைத் தவிர ஒருத்தரிடம் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. கான் பாய் அவனைக் குழந்தை மாதிரித் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். வழியெல்லாம் ஒரு ஹாரன் கூட அடிக்காமல் மெதுவாக ஓட்டினார். அந்த வண்டி அப்படியும் ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் கம்பெனி கிளினிக். நானும் அரைநாள் லீவு போட்டுப் போனேன். மலையாளி டாக்டர். "எத்தர நாளாயி?" என்றார்.

"லேசா ரெண்டு நாளா..." என்று இழுத்தவன் என் பக்கம் திரும்பினான். நான் வாயைத் திறக்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "மூணு வாரம் டாக்டர்" என்றான்.

கிளினிக் சீட்டு ஃபோர்மேன் கைக்குப் போனது, அவன் பயந்தது நடந்துவிட்டது. காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை, அடுத்த மாதம் ஊருக்குப் போனான். ஏர்போர்ட்டில் என்னைத் திட்டிக்கொண்டே போனான். தஞ்சாவூரில் ஆபரேஷன், ஒரு வருசம் சும்மா இருந்தான். கை வந்துவிட்டது. பிறகு தோஹா போய் நஜ்மா ஏரியாவில் ரூம் எடுத்து, திரும்பக் கம்பிதான் கட்டினான். பதினேழாம் நம்பருக்கு என்ன ஆனது என்று தெரியாது, படம் அங்கேயே முடிந்துவிட்டது.

அந்த தியேட்டர், அந்த பிக்கப், அந்த வெயில் எல்லாம் இப்போது நினைத்தால் இனிக்கிறது. அன்றைக்கு இனிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: தமிழ்ப்படம் என்றால் டிக்கெட்டை முதல் நாளே எடுத்துவிடுங்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், உள்ளே பல் கிட்டிவிடும். பிக்கப்பில் போகாதீர்கள், போலீஸ் பிடித்தால் ஃபைன். உடம்பில் வலி இருந்தால் டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். தைலம் தேய்த்துவிடுகிறவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் அங்கே எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நமக்குப் பொய் சொல்ல வாய் வராது.