இரண்டு இஞ்ச் கூடிய வயிறு

அந்தத் தெருவில் டைலரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அரை இஞ்ச்’ என்றால்தான் தெரியும். அரை இஞ்ச் பிசகினால் முழுச் சட்டையையும் பிரித்துப் போடுகிற ஆள். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த மகள் விஷயத்தில் கோட்டை விட்டார்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. கவுன் தைக்க அளவெடுத்தபோது, மார்பளவு பழையபடியே இருக்க, வயிறு மட்டும் இரண்டு இஞ்ச் கூடியிருந்தது. டேப்பைக் குறை சொல்லிப் புது டேப் வாங்கினார். அதுவும் அதையே சொன்னது. சரி, பிள்ளை சதை போடுகிறாள் என்று பூரித்துப்போய், பழைய கவுன்களின் பக்கத் தையலைப் பிரித்து விட்டார். அடுத்த மாதம் மறுபடியும். கடைசியில் மனைவிதான், “கவுனைப் பிரிச்சது போதும், டாக்டர்கிட்ட காட்டலாம் வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

கல்லீரலில் கட்டி. புற்றுநோய். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “முதல்ல மருந்து ஏத்திக் கட்டியைச் சுருக்குவோம். அப்புறம் அறுத்து எடுப்போம். மிச்ச ஈரல் தானா வளந்துக்கும். இவள மாதிரி பத்துப் பிள்ளைங்கள்ல எட்டுப் பேர் பிழைச்சுக்கிறாங்க.”

“மிச்ச ரெண்டு பேரு?” என்றார் அரை இஞ்ச். எட்டைப் பார்த்துச் சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம்.

முடி கொட்டியது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஆபரேஷன் முடிந்து மறுபடியும் மருந்து. அந்த மருந்து காதைக் கொஞ்சம் பதம் பார்த்துவிட்டதால் இப்போது இரண்டு காதிலும் கருவி. அப்பா திட்டத் தொடங்கினால் அதைக் கழற்றி வைத்துவிடுவாள், கள்ளி! ரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தின் அளவு லட்சத்திலிருந்து பத்துக்குக் கீழே இறங்கியது. ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின ராத்திரி அவர் மகளின் வயிற்றை டேப் வைத்து அளந்து பார்த்தார்.

போன வாரம், சிகிச்சை முடிந்து ஐந்தாம் வருஷத்துப் பரிசோதனை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“சுத்தமா இருக்கு. இனிமே அது திரும்பி வரும்னு நான் நினைக்கல. மருந்தோட பாதிப்புக்காக வருஷத்துக்கு ஒரு தடவை காதையும் இதயத்தையும் பாத்துட்டுப் போனாப் போதும்.”

அரை இஞ்ச் வீட்டுக்கு வந்ததும் மகளின் பள்ளிச் சீருடைத் துணியை விரித்தார். வளர்கிற பிள்ளைகளுக்குக் கீழ் ஓரத்தில் துணியை உள்ளே மடித்துத் தைப்பது வழக்கம். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித் தைத்தவர், மகளுக்கு மட்டும் ஐந்து வருஷமாக ஒரு விரற்கடைகூட மடித்ததில்லை. பயம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஆறு இஞ்ச் எதுக்குங்க மடிக்கிறீங்க? அவ என்ன ஒட்டகச்சிவிங்கியா?”

“வளருவா” என்றார் அவர். சொல்லும்போதே அழுதுவிட்டார்.