கலியாண வீடியோவில் ஒரு கயிறு

ஒருவர் "இது என் கண்டுபிடிப்பு, உலகத்துக்கே புதிது" என்று சொன்னால், "இல்லை, பழசு" என்று ஆதாரத்தோடு எதிர்த்துக் கதைப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் எங்களுடையது. இலங்கையில், எங்கள் ஊர் கற்பிட்டியில் இருந்த காலமெல்லாம் இதே வேலையைச் சும்மா செய்து வாய்க்காரி என்று பேர் வாங்கியவள் நான். படிப்பு முடிந்து, நெதர்லாந்தில் ஒரு காப்புரிமை நிறுவனத்தில் பயிற்சி வேலை கிடைத்தபோது, உலகத்தில் நியாயம் இருக்கிறது என்று நம்பினேன். எதற்கெடுத்தாலும் எதிர்க்கதை என்று வீட்டில் ஏச்சு வாங்குகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உம்மாவின் விளக்கம்

ஒரு சாமானைக் கண்டுபிடித்தவரைக் கேட்காமல் மற்றவர்கள் அதைச் செய்து விற்கக்கூடாது என்று அரசாங்கம் கொடுக்கிற உரிமைதான் காப்புரிமை என்று உம்மாவுக்குப் போனில் விளக்கினேன். உண்மையிலேயே புதிதா என்று தேடிப் பார்ப்பது என் வேலை என்றேன். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டார். டொக்டருமில்லை, எஞ்சினியருமில்லை, அப்படியென்றால் பிள்ளை அங்கே என்னதான் செய்கிறாள் என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாராம். உம்மா யோசிக்கவே இல்லை.

"பொலிஸ் வேல மாதிரித்தான். களவெடுத்த சாமானா எண்டு பாக்கிறது. ஆனா ஏசிக்குள்ள."

கோட்டை

எனக்கு மேலே இருந்தவர் பீட்டர். மெதுவாகச் சாப்பிடுகிற, மெதுவாகக் கதைக்கிற மனிதர். முதல் கிழமையே சாப்பாட்டு மேசையில் எந்த ஊர் என்று கேட்டார். உங்கள் ஆட்கள் கோட்டை கட்டி வைத்திருக்கிற ஊர் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அதுவே எனக்குக் கோபம். கடல் தாண்டி வந்து மற்றவன் மண்ணில் கோட்டை கட்டியவர்கள், இன்றைக்கு ஒரு கொக்கிக்கும் ஆணிக்கும் யார் உரிமைக்காரன் என்று என்னை வைத்துத் தேடுகிறீர்களே, அப்போது யாரைக் கேட்டுக் கட்டினீர்கள் என்று அந்த மேசையிலேயே கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, பயிற்சிக் காலம் முடிய என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று எழுதப்போகிறவர் இவர்தான். வேலை இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் கற்பிட்டி. கற்பிட்டி என்றால், மனைவி எதிர்த்துக் கதைக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லியனுப்பி, உம்மாவின் பட்டியலில் முதலாவதாக நிற்கிற மாப்பிள்ளை. பீட்டர் வாயிலிருந்த பாணை முழுக்க மென்று விழுங்கினார்.

"அந்த விண்ணப்பம் எங்கள் பிரிவுக்கு வரவில்லை."

நான் ஆவணமில்லை

பயிற்சியின் கடைசி வேலையாக வந்தது மீன் காயவைக்கிற பரண். ஓரத்தில் ஒரு குழாய், குழாயில் சுற்றிய மறைப்பு. ஒரு கயிற்றை இழுத்தால் மறைப்பு விரிந்து ஓடி முழு வரிசையையும் மூடிவிடும். ஒரு கொம்பனி இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டு, இதே மாதிரிப் பரண் விற்கிற எங்கள் கட்சிக்காரரைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது பழசு என்று நான் காட்ட வேண்டும்.

படத்தைப் பார்த்ததும் ஒபிஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். எங்கள் பெரியும்மா வீட்டில் கருவாடு காயவைக்கிற வாடியில் இருக்கிற அதே சாமான். மழை இருட்டினால் ஒருவர் போய்க் கயிற்றை இழுப்பார், நீலப் படங்கு, அதுதான் தார்ப்பாய், ஓடிக் கருவாட்டை மூடும். பள்ளிக்கூட லீவில் நானே இழுத்திருக்கிறேன். பீட்டரிடம் போய் அதையே சொன்னேன். விண்ணப்பத்துக்கு முன்னால், திகதியோடு, எல்லாருக்கும் பார்க்கக் கிடைத்த ஏதாவது வேண்டும் என்றார். ஒரு கயிற்றைப் பற்றி எங்களூரில் யார் கட்டுரை எழுதுவார்கள், என் கண் போதாதா என்று சண்டைக்கு நின்றேன்.

"நீ சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் நீ ஓர் ஆவணம் இல்லையே."

கமரா நானா

தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல், பெட்டியைக் கட்டத்தான் வேண்டும் என்று இருந்தபோது ஞாபகம் வந்தது ஷிபானா ராத்தாவின் கலியாண வீடியோ. ராத்தா பெரியும்மாவின் மகள், எனக்கு அக்கா முறை. ஊரெல்லாம் கமரா நானா என்று கூப்பிடுகிற படப்பிடிப்பாளர், மாப்பிள்ளையையும் பெண்ணையும் வாடிக்கு முன்னால் கடற்கரையில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். பாதியில் மழை. பின்னால் யாரோ கயிற்றை இழுக்கிறார், படங்கு ஓடுகிறது, மாப்பிள்ளை பாய்ந்து போய்க் கருவாட்டுக்குக் கீழே குந்துகிறார். பட்டுச் சாரியோடு ராத்தா மழையில் தனியே நிற்கிறார். கமரா நானா அதற்கு ஒரு சோக இசை போட்டு, அந்தக் கொம்பனி விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே விளம்பரமாக யூடியூப்பில் ஏற்றிவிட்டார். அந்தக் கலியாணம் நிலைக்கவில்லை. வீடியோ நிலைத்தது.

இப்போது ராத்தா படிப்பிக்கிற வகுப்பில் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். யூடியூப்பிலிருந்து அதை எடுக்கச் சொல்லி அவர் கேட்டும் நடக்காததால் நான் களத்தில் இறங்கியிருந்தேன். சட்டப் பிரிவுகளோடு நான் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்களுக்குப் பயந்து, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய எடுத்துவிடுவதாக அந்த மனிதர் ஒப்புக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் போன் எடுத்தது அதற்கு முதல் நாள், வியாழக்கிழமை. தயவுசெய்து இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றேன்.

"தங்கச்சி, எடுக்காட்டி கோட்டுக்கு இழுப்பன் எண்டீங்க. இப்ப எடுத்தா கோட்டா? எனக்கு ஒரு கோட்டச் சொல்லுங்க, அங்கேயே போறன்."

ராத்தா

கேட்க வேண்டியது கமரா நானாவை அல்ல. ராத்தாவுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். வீடியோ யூடியூப்பில் இருக்கும்போதே நாங்கள் அதைத் திகதியோடு பதிந்துகொள்வோம், பிறகு கமரா நானா எடுத்துவிடலாம். ஆனால் எங்கள் கோப்பிலிருந்து அதை யாராலும் எடுக்க ஏலாது. முன்பின் தெரியாத வக்கீல்மார் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். ஊர் மறந்தாலும் அது அங்கே திறந்தே கிடக்கும். வேண்டாம் என்றால் பீட்டரிடம் நான் வாயே திறக்கமாட்டேன் என்றேன். அதற்கு மேல் வாதாடவில்லை, நம்பினால் நம்புங்கள்.

 என்னத்தைப் பார்ப்பார்கள் என்று ராத்தா கேட்டார். குழாய், கயிறு, படங்கு என்றேன். மாப்பிள்ளை ஓடுவதை வெட்டுவார்களா என்று கேட்டார். வெட்டினால் ஆதாரம் செல்லாது, முழுக்க இருக்கவேண்டும் என்றேன்.

"அப்ப குடு. மழ வந்ததும் அவர் என்ன விட்டுட்டுக் கருவாட்டோட ஒளிஞ்சதையும் எழுது. அதுவும் திகதியோட இரிக்கட்டும்."

அறிக்கை

எழுதினேன். "மழை தொடங்கியவுடன் கயிறு இழுக்கப்படுகிறது. மறைப்பு முழு வரிசையையும் மூடுகிறது. ஓர் ஆண் அதன் கீழ் புகுகிறார், இறுதிவரை நனையவில்லை. வெளியே நிற்கும் பெண் நனைகிறார்." கடைசி இரண்டு வசனமும் தேவையா என்று பீட்டர் கேட்டார். மறைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு உலர்ந்த ஆண் ஒருவரும் நனைந்த பெண் ஒருவரும் கட்டாயம் வேண்டும் என்று வாதாடினேன். அவர் வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு அறிக்கையிலும், என்னை வேலையில் வைத்திருக்கிற கடிதத்திலும் ஒரே பேனையால் கையெழுத்து வைத்தார்.

"இருக்கட்டும். ஆள் நன்றாகத்தான் உலர்ந்திருக்கிறார்."

மழை வந்ததும் பெண்ணை விட்டுவிட்டு ஓடுவது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் எப்போதோ தெரியும். இப்போது அதற்கு ஆவணம் இருக்கிறது, அவ்வளவுதான்.