ஐஸில் வந்த ரத்தம்

தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததும் மீன்வாடை எங்கள் ஆய்வகம் முழுக்கப் பரவியது. உள்ளே உப்புப் போட்டு இறுக்கிய ஐஸ். அதற்குள் புதைந்து, ரத்தம் கட்டியாக உறைந்துபோன சோதனைக் குழாய். மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வரை அதைப் பைக்கில் கொண்டுவந்த மீனவர், நல்ல காரியம் செய்த முகத்தோடு என் முன் நின்றார். நான் கத்திவிட்டேன்.

ரத்தம் அவருடைய மூன்று வயது மகளுடையது. அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை, அழவும் வலுவில்லை. முன்பே ஒருமுறை ரத்தம் எடுத்து மரபணுவைப் படித்ததில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அக்காள் மகளையே கட்டியவர் அவர். கணவன், மனைவி இருவரிடமும் அதே மாற்றம் இருந்தது. ஆனால் நோய்க்குக் காரணம் அதுதானா, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ரிப்போர்ட்டால் சொல்ல முடியவில்லை. உயிருள்ள செல்லுக்குள் அந்த மரபணு வேலை செய்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அவர் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் இதே கதிதானா என்று சோதிக்க, முதலில் இந்தப் பதில் வேண்டும். கருவைக் கலைக்க வேண்டியிருந்தால் சட்டம் தரும் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“செல்லெல்லாம் செத்துப்போச்சுண்ணா! யாரு உங்கள ஐஸ் போடச் சொன்னது?”

“கெடாம கொண்டாரச் சொன்னது நீங்கதான மேடம்? ஐஸ் இல்லாம இன்னாத்த கெடாம கொண்டார்றது?”

குளிரில் வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. படித்த திமிர், வேறென்ன. இப்போது ஒவ்வொரு குழாயோடும் தமிழில் ஒரு சீட்டு கொடுக்கிறோம். அன்று அவர் மகளின் எலும்பும் தோலுமான கையில் மறுபடி ஊசி குத்த வேண்டியதாயிற்று. நரம்பு கிடைக்க நான்கு முறை குத்தினார்களாம். இந்த முறை குழாயைச் சட்டைப் பையில் வைத்து, கையால் பொத்தியபடி பஸ்ஸில் வந்தார்.

செல்கள் வளரக் காத்திருந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்தால் அவர்தான் போனில் கூப்பிடுவார். “இன்னா மேடம், எதுனா தெரிஞ்சுதா?”

தெரிந்தது. அந்த மாற்றம்தான் மரபணுவை முடக்கியிருந்தது. அவசரமாகக் கருவைச் சோதித்தார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டுமே மாற்றம் வந்திருந்தது. இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய்; அந்தக் குழந்தைக்கு வராது.

நேரில் சொல்லலாம் என்று குப்பத்துக்கே போனேன். கேட்டதும் அவர் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழவில்லை. மகளைத் தோளில் சாய்த்து, தொங்கும் தலையைக் கையால் தாங்கியபடி கேட்டார்.

“இன்னா கோளாறுன்னுதான் கண்டுபுடிச்சிட்டீங்களே மேடம். இவளுக்கு எப்ப மருந்து குடுப்பீங்க?”

மருந்து இல்லை என்பதை அதுவரை ஒருநாளும் அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் சொன்னேன்.