கத்திக்கு முன்னால் ஒரு டைம் அவுட்

போன வருஷம் மார்கழிக் குளிரில், தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நடந்தது இது. நான் மொரப்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று நானே எகிறிக் குதித்ததில் வலது மூட்டில் ஜவ்வு கிழிந்துவிட்டது.

முந்தின நாள் டாக்டர் வந்து என் வலது தொடையில் நீல மையால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். விடியற்காலையில் குளிக்கச் சொன்னார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்புவது போல் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். அம்புக்குறி சாக்கடையோடு போனதை நான் கவனிக்கவே இல்லை.

குளித்து வந்ததும் என் மனைவி கோயிலில் வைத்து எடுத்த கறுப்புக் கயிற்றை என் இடது கணுக்காலில் கட்டினாள். “அந்தக் காலுதான் இப்பிடி ஆயிருச்சு. நல்லா இருக்கற காலு மேலயாவது யாரு கண்ணும் படாம இருக்கட்டுங்க” என்றாள். தியேட்டர் வாசலில் அதை அறுக்கச் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. நர்ஸம்மா ஒருவர் பாவம் பார்த்து, அறுக்காமல் அதன் மேல் துணி சுற்றிவிட்டார்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. கையில் இன்னொரு ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் எல்லாமே மிதந்தது. நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியில் ஒரு திரை. தலைக்கு மேலே பெரிய விளக்கு, நிலா கிட்டத்தில் இறங்கி வந்த மாதிரி. திரைக்கு அந்தப் பக்கம் ஈரப் பஞ்சால் துடைக்கிற சத்தம். எந்தக் காலைத் துடைக்கிறார்கள் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

அப்போதுதான் டாக்டரின் குரல் கேட்டது. “டைம் அவுட்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பள்ளி மைதானம் கண்முன் விரிந்தது. பிள்ளைகள் வியர்வையோடு என்னைச் சுற்றி நிற்கிறார்கள், தண்ணீர் பாட்டில் கை மாறுகிறது, நான் வழக்கம்போல் திட்டத் தயாராகிறேன். ஓடிபி வருவதற்குள் ‘டைம் அவுட்’ காட்டிக் கழுத்தறுக்கும் என் போனும் ஏனோ ஞாபகம் வந்தது. ஆட்டத்தில் டைம் அவுட் என்பது மூச்சு வாங்கிக்கொள்ளத்தான். போனில் மறுபடி முதலிலிருந்து வா என்று விரட்டுகிறது. இங்கே எதற்கு என்று மயக்கத்திலேயே யோசித்தேன். எல்லோருடைய கையும் வேலையை விட்டு நின்றிருந்தது.

டாக்டர் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “சார், தூங்கிறாதீங்க. உங்க பேரச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“எந்தக் காலுக்கு ஆபரேஷன்?”

நாக்கு குழறியது. “வலது மூட்டுங்க.”

நர்ஸம்மாவின் கண்கள் முகமூடிக்கு மேலே அப்படியே விரிந்தன. மருந்து பூசி, கத்திக்குத் தயாராக வைத்திருந்தது என் இடது கால். வலிக்கிற காலுக்குத்தானே சாமி கயிறு கட்டுவார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். அம்புக்குறியும் இல்லை, வீக்கமும் வடிந்திருந்தது.

டாக்டர் ஸ்கேனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “எல்லாத்தையும் பிரிங்க. மொதல்லருந்து செய்யலாம்” என்றார். குரல் உயரவில்லை. நர்ஸம்மா என் தோளைத் தொட்டார். “மன்னிச்சிருங்க சார்.” நான் “பரவால்லம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதக்கப் போய்விட்டேன்.

பயம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. சாயங்காலம் வார்டில் காலுக்கு உணர்ச்சி திரும்பியபோது இடது மூட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன். இதையும் கிழித்திருந்தால் என்னை யார் தூக்கி நிறுத்துவார்கள் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்க்க வந்த டாக்டர், “எவ்வளவு அவசரம்னாலும் கத்தி வைக்கறதுக்கு முன்னால இந்த டைம் அவுட்ட மட்டும் விடறதில்லைங்க” என்றார்.

அத்தனை கைகளும் ஒரு நிமிஷம் சும்மா நின்று, அரைத் தூக்கத்தில் கிடந்த என்னையே ஒரு வார்த்தை கேட்டதால்தான் இன்றைக்கு நான் இரண்டு காலில் நிற்கிறேன்.