பலகையில் ரஸ்ஸலின் பெயர்

ரஸ்ஸலை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வில்லெமீன் ஒருதலைப்பட்சமாகக் கதை சொல்கிறாள் என்று யாரும் குறைப்படக் கூடாது. டச்சு ஊரான டெவென்டரின் சனிச் சந்தையில் தண்ணீர்க் குழாய்க்கு அடுத்த இடத்தில் நான் சீஸ் விற்கிறேன். மனதில் பட்டது உடனே வாயில் வந்துவிடும். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

குழாய்க்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தேன்காரர். தேன்காரருக்கு முட்டி வலி வந்து சந்தையை விட்டுப் போனபோது, அந்த இடத்துக்கு யாரும் போட்டி போடவில்லை. ஆற்றுக்காற்று அங்கே நேராக முகத்தில் அடிக்கும். அப்படித்தான் அது இரண்டு அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. பச்சை நிறக் கூடாரம், மேலே பெரிய மரப்பலகை: 'ரஸ்ஸலின் அமெரிக்க பேக்கரி'.

முதல் சனிக்கிழமையே ரஸ்ஸல் என் தோளில் கை போட்டான். "நாம ரெண்டு பேரும் குடும்பம் மாதிரி பழகணும், வில்லெமீன்!"

"எனக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கு, அதுவே தாங்கல. கைய எடு" என்றேன்.

அவன் சிரித்தான். எதற்கும் சிரிப்பான். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இண்டியானா சோளக்காட்டைப் பற்றியும் தன் பாட்டனாரின் அடுப்பைப் பற்றியும் அளந்துகொண்டிருப்பான். வாயாலேயே வடை சுடுகிற ஆள். உண்மையில் அடுப்பில் நின்றவள் மார்னி, அவன் மனைவி. வெள்ளிக்கிழமை முழுக்கச் சீஸ் கேக்கும் பிரௌனியும் சுட்டு, சனிக்கிழமை விடியும் முன் வண்டியில் ஏற்றி, கூடாரம் கட்டி, மாலையில் தரையைக் கூட்டிவிட்டுப் போவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரமான பெண், எப்போதும் குனிந்தே நிற்பாள், யாருக்கோ இடைஞ்சலாக இருப்பதுபோல.

அவள் கேக்கை முதலில் தின்றபோது, "இதுல சீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"உங்களுக்குப் பிடிக்கலையா?" அவள் முகம் வாடிவிட்டது.

"பிடிக்கலன்னு யாரு சொன்னா? சீஸ் எங்கன்னுதான் கேட்டேன். இன்னொரு துண்டு கொடு."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதை மார்னிதான் சொன்னாள். எங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் பழைய நட்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் இங்கே வந்து சின்னதாக ஒரு தொழிலைப் பதிவு செய்து, நாலாயிரத்து ஐந்நூறு யூரோவைத் தொழில் கணக்கில் போட்டு, அதில் கைவைக்காமல் இருந்தால் போதும், குடியிருப்பு அட்டை கொடுத்துவிடுவார்கள். முதலில் இரண்டு வருடத்துக்கு. தொழில் நடக்கிறது, பணம் கிடக்கிறது என்று காட்டினால் மேலும் நீட்டிப்பார்கள். என் கடையில் சீஸ் உருளைகளைத் தூக்கித் தரும் சிரியாக்காரர் இதே அட்டைக்கு அகதி முகாமில் எத்தனை குளிர்காலம் கிடந்தார் என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஆனால் அது மார்னியின் குற்றமில்லையே.

"தொழில் யார் பேர்ல?" என்று கேட்டேன்.

"ரஸ்ஸல் பேர்ல. ஒருத்தர் பேர்ல போட்டாப் போதும், இன்னொருத்தர் துணைன்னு கூடவே வந்துடலாம். துணைக்கு எங்க வேணா வேலை பாக்க அனுமதி உண்டு. எங்க ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. ரெண்டு தடவை எதுக்குக் கட்டணம் கட்டணும்னு அவன் சொன்னான்."

"சுடுறது நீ, பேரு அவனுக்கா?"

"அவன் நல்லாப் பேசுவான் இல்ல? அதிகாரிங்ககிட்ட எல்லாம் அவன்தான் பேசணும்."

எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்ற அனுமதியை வைத்துக்கொண்டு அவள் புருஷன் கடையில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்கிற காரியம் அது.

மார்ச் மாதம் அவள் பிறந்தநாள் வந்தது. அதை எங்கள் ஊர் வழக்கப்படி என் வீட்டுக் கழிப்பறையில் மாட்டியிருக்கும் பிறந்தநாள் காலண்டரில் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால் அவர் நம்மவர் என்று அர்த்தம். சந்தையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எதிர்க்கடைப் பூக்காரர் யோப் காலையிலேயே ரஸ்ஸலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உன் பொண்டாட்டிக்குப் பிறந்தநாள், உனக்கு வாழ்த்துகள்!"

எங்கள் வழக்கம் அது. பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, அவர் வீட்டாரையும் வாழ்த்துவோம். ரஸ்ஸல் ஒரு நொடி விழித்தான். "ஓ, ஆமா ஆமா!" என்று சிரித்தான். பூக்காரர் சொல்லித்தான் அவனுக்கே நினைவு வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் யாரிடமோ படகு பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

மார்னி உதட்டுச்சாயம் பூசி, காதில் முத்துத் தோடு போட்டு வந்திருந்தாள். எங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். நாங்களும் அவளைப் பார்த்தோம். மத்தியானம் ஆயிற்று. மேசை நிறைய கேக், எங்களுக்கென்று ஒரு துண்டு வெட்டக் காணோம். யோப் என் காதருகே வந்து, "சரியான கஞ்சப் பிசினாறியா இருக்காளே" என்று முணுமுணுத்தார். எனக்கும் கோபம்தான்.

மாலையில் வண்டிக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"யாருமே ஒரு கேக் கொண்டு வரல. ஒரு மெழுகுவத்தி கூட இல்ல. என்னை இங்க யாருக்கும் பிடிக்கல, அப்படித்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பைத்தியமே, உன் கேக்குக்காக நாங்க காலையிலேர்ந்து காத்துக்கிடக்கோம்! இங்க பிறந்தநாளு யாருக்கோ அவங்கதான் கேக் கொண்டு வரணும். அடுத்தவங்க கொண்டு வருவாங்கன்னு உக்காந்திருந்தா பட்டினிதான்."

"நம்ம பிறந்தநாளுக்கு நாமளேவா? அது வெக்கமா இருக்காதா?"

"இதுல என்ன வெக்கம்? உன் நாளு, உன் கேக்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கேக்கை வெட்டி, கடை கடையாகப் போய்க் கொடுத்தாள். யோப் மூன்று துண்டு தின்றார்.

அந்தக் கோடையில் ரஸ்ஸல் படகை வாங்கினான். படகு ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்ணோடு அதிலேயே குடியும் போய்விட்டான். அதோடு விட்டிருந்தால் ஊரில் நடக்கிற கதைதான் என்று போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மூட்டை கட்டும் நேரத்தில் வந்து நின்று, நல்ல பிள்ளைபோல மார்னியிடம் சொன்னான்.

"நாம சேந்து இல்லைன்னு குடியேற்ற ஆபீசுக்கு எழுதிட்டேன். சொல்லியாகணும், அதான் சட்டம். தப்பா எடுத்துக்காத."

வாழ்நாளில் அவன் சட்டத்தை மதித்தது அந்த ஒரு தடவைதான். கொஞ்ச நாளில் மார்னிக்குக் கடிதம் வந்தது. அவளுக்கு அட்டை கொடுத்ததே ரஸ்ஸலோடு சேர்ந்து வாழ்வதற்காக. சேர்ந்து வாழ்வது நின்றால் அட்டையும் நிற்கும். சுட்டது, சுமந்தது, கூட்டியது எதுவும் கணக்கில் இல்லை. கடை அவன் பெயரில், கணக்கு அவன் பெயரில், சந்தை இடமும் அவன் பெயரில். அவள் இந்த நாட்டில் செய்த வேலைக்கு ஒரு சாட்சியும் இல்லை, என்னையும் யோப்பையும் தவிர. சீஸ்காரியும் பூக்காரனும் சொல்வதை எந்த ஆபீஸ் கேட்கும்?

என் சமையலறையில் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்குப் போயிடவா?" என்றாள்.

"அங்க என்ன இருக்கு?"

"அண்ணன் கொட்டகையில என் பழைய காரு இருக்கு."

"அதை விக்கச் சொல்லு. அந்தப் பணத்தைப் போட்டு உன் பேர்ல ஒரு தொழில் ஆரம்பி. நீயும் அமெரிக்காக்காரிதானே? அந்த ஒப்பந்தம் அவனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததா?"

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். அந்த எண்ணமே அவளுக்கு வந்திருக்கவில்லை என்று புரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை.

கார் விற்றது. பணம் வந்தது. மார்னி தன் பெயரில் தொழிலைப் பதிவு செய்தாள், அட்டைக்கு மனு போட்டாள், குளிர்காலத்தில் அட்டையும் வந்தது, இரண்டு வருடத்துக்கு. நல்ல முடிவு என்று தோன்றும். ஆனால் விற்க இடம் வேண்டாமா?

சந்தையில் கேக்குக்கு ஒரு நிரந்தர இடம்தான் உண்டு, அது ரஸ்ஸலுடையது. எந்த நிரந்தர இடம் காலியானாலும், காத்திருப்போரில் முதலில் பதிந்தவருக்குத்தான் போகும். மார்னி பதிந்தது இப்போதுதான். இடமில்லாதவர்கள் காலையில் சந்தை மேற்பார்வையாளர் கெர்பெனைச் சுற்றி நிற்க வேண்டும். அன்றைக்கு யார் வரவில்லையோ அவர்கள் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவார். அவர் தோல்பையில் கையை விட்டு எண் போட்ட மரவில்லையை எடுக்க வேண்டும். எண் வந்தால் கடை, வராவிட்டால் சுட்டதெல்லாம் வண்டியிலேயே திரும்பிப் போகும்.

தான் கட்டியெழுப்பிய கூடாரத்துக்கு எதிரே, உறைபனியில், அவள் அந்தக் கூட்டத்தில் நின்றாள். ரஸ்ஸல் மொத்தக் கடையில் வாங்கிய கேக்கை வைத்துக்கொண்டு அதே சோளக்காட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜனங்கள் ஒரு தடவை தின்றார்கள், மறு தடவை வரவில்லை. அவனும் ஒரு வாரம் வந்தான், இரண்டு வாரம் வரவில்லை. படகு சும்மா மிதக்குமா? தொழில் கணக்கில் தொடக் கூடாத பணத்தையும் அதில்தான் கொட்டியிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

மறுபடி மார்ச். மார்னியின் பிறந்தநாள் அந்த வருடம் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் வந்தது. முந்தின நாள் வாழ்த்துச் சொல்வதை எங்கள் ஊரில் அபசகுனமாக நினைப்பவர்கள் உண்டு. யோப் மட்டும் கேக்குக்காக எந்தச் சகுனத்தையும் விட்டுக்கொடுப்பார். எங்களுக்கென்று தனியாக ஒரு பெரிய கேக்கைச் சுட்டுக்கொண்டு அவள் வந்தாள். ரஸ்ஸலைக் காணோம். கெர்பென் பையைக் குலுக்கினார், அவள் கையை விட்டாள். வந்தது குழாய்க்கு அந்தப் பக்கத்து இடம். அவளுடைய பழைய இடம்.

அவள் மேசையை விரித்து, கேக்கை வெட்டி, முதல் துண்டை எனக்குக் கொடுத்தாள்.

அப்போதுதான் ரஸ்ஸல் வந்தான். வெறுங்கையோடு, மழையில் நனைந்து. சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து நான் சீஸ் வெட்டும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அவன் தாழ்ந்த குரலில் பேசினான்.

"மார்னி, கோடையில என் அட்டை முடியுது. கணக்குல பணமில்ல, வியாபாரமும் இல்ல, நீட்டிக்க மாட்டாங்க. நாம இன்னும் சட்டப்படி புருஷன் பொண்டாட்டிதானே? உன் அட்டையில என்னைத் துணைன்னு போடு. உன்கூட வந்து இருந்துடறேன். உனக்கும் பேச ஒரு ஆள் வேணும் இல்ல?"

அந்த நேரம் பார்த்து யோப் வாயில் கேக்கோடு வந்தார். பழக்க தோஷம், ரஸ்ஸலின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். "உன் பொண்டாட்டிக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்!"

ரஸ்ஸல் விழித்தான், போன வருடம் விழித்த அதே விழிப்பு. இந்தத் தடவையும் அவனுக்கு நினைவில்லை. மார்னி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதுகு நிமிர்ந்தது. அவள் இவ்வளவு உயரமா என்று அன்றுதான் கவனித்தேன்.

"ஒரு துண்டு கிடைக்குமா?" என்றான், சிரிக்க முயன்று.

"இந்த ஊர்ல அவங்கவங்க கேக்க அவங்கவங்கதான் கொண்டு வரணும், ரஸ்ஸல். எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. உனக்கு யாரும் சொல்லலையா?"

அவன் போனான். அவள் மாலைவரை விற்றாள், ஒரு துண்டும் மிஞ்சவில்லை. கூடாரத்தைப் பிரித்துக் கட்டியதும் வண்டிக்குப் பின்னால் போய் அழுதாள். இந்தத் தடவை அவளுக்கு விளக்கிச் சொல்ல என்னிடம் ஊர் வழக்கம் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

கோடையில் ரஸ்ஸல் இண்டியானாவுக்குத் திரும்பிவிட்டான். அந்தப் பலகையைச் சந்தையின் குப்பைத்தொட்டிக்கு அருகே போட்டுவிட்டுப் போனான். இடம் முறைப்படி, முதலில் பதிந்திருந்த வாஃபிள்காரனுக்குப் போயிற்று. அவன் மழையானாலும் வெயிலானாலும் ஒரு நாள் தவறாமல் வருகிறான், அவனைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

மார்னி இன்னும் கெர்பெனின் பைக்கு முன்னால் நிற்கிறாள். போன சனிக்கிழமை அவளுக்கு எண் விழவில்லை. கேக்கெல்லாம் வண்டியிலேயே திரும்பின. போகும் முன் அவளிடம் இரண்டு வாங்கினேன், காசு கொடுத்துத்தான். இலவசமாகத் தந்தாள், வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.